மண்ணில் எடுத்ததை மண்ணுக்கே கொடுப்போம்

நெற்கமத்திலும் மரக்கறித் தோட்டத்திலும் பாடுபடும் கமக்காரர் பலர் இன்று கூறும் குறை ஒன்றுண்டு. "முன்னர் இட்ட அளவு பசளையையே இடுகிறோம், ஆனால் முன்னர் கண்ட விளைவைக் காண்கிறோமில்லை" என்பதே அக்குறையாகும். பசளையின் விலையோ ஏறிக்கொண்டே செல்கின்றது. விதை நல்லது, நீரும் போதியது, களையும் காலத்திற் பிடுங்கப்பட்டது. அவ்வாறாயின் குறை எங்கே உளது? பெரும்பாலும் அது மண்ணிலேயே உளது. இட்ட பசளையைத் தாங்கி வைத்துப் பயிருக்கு ஊட்டும் ஆற்றலை மண் இழந்துவிட்டது.

இவ்வாற்றலை மண்ணுக்கு மீட்டுக் கொடுக்கும் முறைகளையும், அவற்றாற் கமக்காரர் அடையும் பயனையும் இத்துண்டுப் பிரசுரம் எடுத்துரைக்கின்றது. இங்குக் கூறப்படுபவை பெரும் பணச் செலவை வேண்டுவன அல்ல. இவற்றுட் பல நம் முன்னோர் கைக்கொண்டு, பின்னர் நாம் கைநழுவவிட்டவையாகும்.

1. மண் ஏன் மெலிகின்றது?

மண் வெறும் மணலும் களியும் மட்டுமன்று. அதில் உக்கிய இலை, வேர், சாணம் முதலிய சேதனப் பொருள்களும், அவற்றை உண்டு வாழும் மண்புழு முதலிய சிற்றுயிர்களும், கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான நுண்ணங்கிகளும் உள்ளன. சேதனப் பொருளே இவ்வுயிர்களுக்கு உணவு. அது மண் துணிக்கைகளை ஒட்டி உருண்டைகளாக்கும். அவ்வுருண்டைகளுக்கு இடையே காற்றும் நீரும் தங்கும். இட்ட பசளை மழைநீரோடு கீழே ஓடிப்போகாமற் பற்றி வைத்துக்கொள்ளுவதும் அதுவேயாகும்.

நமது உலர் வலயத்தில் வெப்பம் மிகுதி. வெப்பம் மிகுந்த மண்ணிற் சேதனப் பொருள் விரைவில் உக்கி அழிந்துபோகும். குளிர் நாடுகளிற் பல ஆண்டு நிற்கும் உக்கல் இங்கே சில போகங்களுக்குள் மறைந்துவிடும். அடிக்கடி உழுது மண்ணைத் தூளாக்கினால் அது இன்னும் விரைவாக மறையும். ஆதலால் ஒருமுறை எரு இட்டோம், இனி ஐந்தாண்டுக்குக் கவலையில்லை என்றிருத்தல் இங்குப் பொருந்தாது. ஒவ்வொரு போகமும் சிறிதாயினும் கொடுத்தல் வேண்டும்.

உங்கள் மண்ணின் நிலையை நீங்களே அறிய எளிய வழியுண்டு. தோட்டத்திலிருந்து நன்கு காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளை நீரில் மெதுவாக இடுங்கள். வேலியோரத்தில், பல ஆண்டு உழப்படாத இடத்திலிருந்து எடுத்த கட்டி ஒன்றை மற்றொரு குவளையில் இடுங்கள். தோட்டத்து மண்கட்டி உடனே கரைந்து சேறாகி, வேலியோரத்துக் கட்டி குலையாது நிற்குமாயின், உங்கள் தோட்டத்து மண் தன் பிடிமானத்தை இழந்துவிட்டதென்று அறியலாம். ஈரமான காலத்தில் ஒரு மண்வெட்டி மண்ணைப் புரட்டி, அதில் எத்தனை மண்புழுக்கள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பதும் நல்லதொரு சோதனையாகும்.

2. வைக்கோலை எரித்தலாகாது

அறுவடை முடிந்ததும் வயலிற் கிடக்கும் வைக்கோலுக்குத் தீ மூட்டும் வழக்கம், அறுவடை இயந்திரம் வந்த பின்னர்ப் பல இடங்களிற் பரவியுள்ளது. சூடு வைத்து மிதித்த காலத்தில் வைக்கோல் களத்திற் சேர்ந்தது. அதனைப் போராக வைத்து மாட்டுக்கிட்டனர். இன்று இயந்திரம் வைக்கோலை வயலிலேயே வரிவரியாக விட்டுச் செல்கின்றது. அடுத்த போகத்து உழவுக்கு அது தடையென்று கருதி எரித்துவிடுகின்றனர்.

எரிப்பதால் இழப்பது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நெல்லும் வைக்கோலும் ஏறக்குறைய ஒத்த நிறையுடையனவாய் விளையும். ஓர் ஏக்கரில் 1,500 கிலோகிராம் நெல் எடுப்பவர், ஏறக்குறைய அதே அளவு வைக்கோலையும் விளைவிக்கின்றார். அவ்வளவு வைக்கோலில் உள்ளவை பின்வருமாறு:

நைதரசன்: 7½ முதல் 12 கிலோகிராம் வரை. இது 16 முதல் 26 கிலோகிராம் யூரியாவில் உள்ள அளவாகும்.

பொட்டாசு: 21 முதல் 30 கிலோகிராம் வரை. இது 35 முதல் 50 கிலோகிராம் மியூறியேற்றுப் பொட்டாசில் உள்ள அளவு. அதாவது ஒரு மூடைக்குச் சிறிது குறைவு, அல்லது ஒரு முழு மூடை.

சிலிக்கன்: 60 முதல் 105 கிலோகிராம் வரை. நெற்பயிரின் தண்டுக்கும் இலைக்கும் உறுதி தந்து, எரிபந்த நோயைத் தாங்கும் வலிமையைக் கொடுப்பது இது.

இவையன்றிப் பொசுபரசும் கந்தகமும் சிறிதளவு உள. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் பொட்டாசில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வைக்கோலிலேயே தங்குகின்றது. நெல்மணியிற் செல்வது சிறு பங்கே. எனவே வைக்கோல் வயலைவிட்டுப் போகுமாயின் பொட்டாசும் வயலைவிட்டுப் போயிற்று என்பதே பொருள்.

தீ மூட்டினால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையாய்ப் போய்விடும். கந்தகத்திலும் ஒரு பகுதி போகும். பொசுபரசும் பொட்டாசும் பெரும்பாலும் சாம்பலில் எஞ்சும் என்பது உண்மையே. ஆயினும் வைக்கோலைக் குவித்து எரித்தால் அச்சாம்பல் குவித்த இடத்திலேயே கிடக்கும். காற்று அள்ளிச் செல்லும். முதல் மழை வாய்க்காலுக்கு அடித்துச் செல்லும். ஓரிடத்திற் பயிர் கருகருவென்று வளர, மற்ற இடம் மெலிந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சேதனப் பொருள் முழுவதும் எரிந்து போகின்றது. அதனை எந்தக் கடையிலும் மூடையாக வாங்குதல் இயலாது.

3. வைக்கோலை வயலிற் சேர்க்கும் முறை

அறுவடை இயந்திரம் வரிசையாக விட்ட வைக்கோலை, கவர்த்தடியினால் வயல் முழுவதும் பரவலாக உதறி விடுக. இரண்டு ஆட்கள் ஒரு காலைப்பொழுதிற் பெருமளவு வேலையை முடித்துவிடலாம். மண்ணில் ஈரம் இருக்கும்போதே மேலோட்டமாக ஓர் உழவு செய்க. வைக்கோல் மண்ணோடு தொடுகையுற்றால் விரைவில் உக்கும். மேலே காய்ந்து கிடந்தால் உக்காது. ஈரம் இல்லாவிடின் மழை அல்லது நீர் வரும் வரை வைக்கோலைப் பரவியபடியே விடுக. அதுவும் மண்ணை வெயிலிலிருந்து காக்கும். மழை பெய்யும்போது வைக்கோலிலுள்ள பொட்டாசு கரைந்து அடியிலுள்ள மண்ணிற் சேரும்.

இங்கு ஒரு விடயத்திற் கவனம் வேண்டும். வைக்கோலிற் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. அதனை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆதலால் பச்சை வைக்கோலை உழுதுவிட்டு மறுநாளே விதைத்தால் நாற்று மஞ்சளாகும். நீர் தேங்கிய வயலாயின், உக்கும் வைக்கோலிலிருந்து தோன்றும் அமிலங்களும் இளவேரைத் தாக்கும். விதைப்புக்குக் குறைந்தது மூன்று கிழமைக்கு முன்னரே வைக்கோலை மண்ணிற் சேர்த்தல் வேண்டும். காலபோக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையேயுள்ள காலம் இதற்குப் பெரும்பாலும் போதியதாகும். இடைக்காலம் குறுகியதாயின், வைக்கோலில் ஒரு பங்கை மட்டும் வயலிற் சேர்த்து, மற்றதைக் கூட்டெருவாக்கிப் பின்னர் இடுக.

"வைக்கோலை எரித்தால் நோயும் பூச்சியும் ஒழியுமே" என்பார் உளர். கடும் நோய் கண்ட வயலின் வைக்கோலை அப்படியே மண்ணிற் சேர்த்தல் நன்றன்று என்பது உண்மை. அதற்கு வழி எரித்தலன்று. அவ்வைக்கோலைக் கூட்டெருக் குவியலில் இடுக. நன்கு செய்த குவியலின் வெப்பம் நோய்க் கிருமிகளையும் களை விதைகளையும் பெரும்பாலும் அழித்துவிடும். அவ்வாறு நோய் கண்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டுதல் நலம்.

மாடு வளர்ப்போருக்கு வைக்கோல் தீனியாகும். அதில் தவறேதுமில்லை. ஆனால் வைக்கோல் மாட்டின் வாய்க்குச் சென்றால், சாணமும் சலமும் வயலுக்குத் திரும்புதல் வேண்டும். வைக்கோலை விற்றுச் சாணத்தையும் விற்பவர், தம் காணியின் வளத்தையே தவணைமுறையில் விற்கின்றார்.

4. பசுந்தாட் பசளை

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காலபோக நெல் அறுத்த வயல்களிற் சணல் விதைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக அழியவில்லை. மாசி, பங்குனியில் மஞ்சட் பூ விரித்து நிற்கும் சணல் வயல்களைப் பலரும் கண்டிருப்பர். அறுவடைக்குப் பின் மண்ணில் எஞ்சிய ஈரத்திலேயே அது வளர்ந்துவிடும். தனியே நீர் பாய்ச்ச வேண்டுவதில்லை. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், தன் வேரிலுள்ள முடிச்சுகளில் வாழும் பற்றீரியாவின் துணைகொண்டு காற்றிலுள்ள நைதரசனைப் பயன்படுத்தும்.

ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோகிராம் வரை விதை போதும். அடர்த்தியாக விதைத்தால் தண்டு மெல்லியதாய் வளர்ந்து எளிதில் உக்கும். பூக்கத் தொடங்கும் பருவத்தில், அதாவது விதைத்து 45 முதல் 60 நாட்களில், மடக்கி உழுதல் வேண்டும். காய்க்கும் வரை விட்டால் தண்டு நாராகி முற்றிவிடும். உக்குவதற்கு நெடுநாட் செல்லும். வயலில் உழமுடியாதவர் வெட்டி எடுத்துத் தோட்டத்திற்கு இடலாம். சணல் வேர்முடிச்சு வட்டப்புழுவையும் குறைக்குமாதலால், கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு முன்னர்த் தோட்டத்திற் சணல் விதைப்பது இரட்டிப்பு நன்மை தரும்.

சீமைக்கிளுவையை வேலியாக நடுதல் மற்றொரு சிறந்த முறையாகும். ஐப்பசி மழை தொடங்கியதும் ஐந்தாறு அடி நீளமுள்ள முற்றிய கதியால்களை ஒன்றரை, இரண்டு அடி இடைவெளியில் நடுக. இரண்டாம் ஆண்டு முதல் ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறை குழை வெட்டலாம். இதன் 100 கிலோகிராம் பச்சைக் குழையில் ஏறக்குறைய முக்காற் கிலோகிராம் நைதரசன் உண்டு. குழை மென்மையானதாகையால் ஓரிரு கிழமைக்குள் உக்கிவிடும். மேலும், வைக்கோலோடு இதனைச் சேர்த்து மண்ணிலிட்டால், வைக்கோலில் இல்லாத நைதரசனை இது கொடுத்து உக்குதலை விரைவுபடுத்தும்.

முன்னாளிற் குடாநாட்டுத் தோட்டக்காரர் பூவரசங் குழையையும் காவிளாயையும் சேகரித்துத் தாழ்த்தனர். வேலிக்கும் கூரைக்கும் பயன்பட்டுப் பழுதான பனையோலையையும் வீணாக்காது தோட்டத்து மண்ணிற் புதைத்தனர். பனையோலை மெதுவாக உக்கும். பல போகங்களுக்கு மண்ணைப் பொறுமையாக வைத்திருக்கும். பட்டி மாடுகளையும் ஆடுகளையும் இரவில் வயலில் மறித்து, எருவையும் சலத்தையும் நேரே மண்ணிற் சேர்த்தனர். மதில்களும் ஓட்டுக் கூரைகளும் பெருகிய இக்காலத்தில் ஓலை அரிதாயிருக்கலாம். ஆயினும் வெட்டிய வேலிக் குழையைத் தெருவோரத்தில் எரிப்பதைக் காணும்போது, கையிலுள்ள பசளையைச் சாம்பலாக்கிவிட்டுக் கடைக்குச் செல்கின்றோம் என்பதை உணர்தல் வேண்டும்.

5. கூட்டெரு தயாரித்தல்

கூட்டெருவுக்கு நிழலான, நீர் தேங்காத இடத்தைத் தெரிவு செய்க. ஐந்தடி அகலமும் வேண்டிய நீளமும் உள்ளதாகக் குவியலை அமைக்கலாம். உயரம் நான்கடிக்குக் குறையாதிருத்தல் நலம். குவியல் சிறிதாயின் வெப்பம் ஏறாது.

அடியில் தடித்த குச்சிகளைப் பரவுக. காற்று உட்செல்ல அது உதவும். அதன்மேல் அரையடிக்கு வைக்கோல், சருகு முதலிய உலர்ந்த பொருள்கள். அதன்மேற் சிறிது பச்சைக் குழை. பின்னர்ச் சாணக் கரைசல். மேலே ஒரு பிடி பழைய எரு அல்லது மேல்மண். இவ்வாறே அடுக்கடுக்காக உயர்த்துக. ஒவ்வோர் அடுக்குக்கும் நீர் தெளித்தல் வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியுமாயின் ஈரம் சரி. ஒழுகினால் மிகுதி, கசியாவிடிற் குறைவு.

நாலைந்து நாளில் ஒரு நீண்ட கம்பியைக் குவியலின் நடுவே செலுத்திச் சிறிது நேரம் விட்டு எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்க முடியாத சூடு இருப்பின் குவியல் செவ்வனே வேலை செய்கின்றது. சூடு இல்லாவிடின் ஈரமோ பச்சைப் பொருளோ போதவில்லை என்று கொள்க. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை வெளிப்புறம் உட்புறமாகும்படி புரட்டுக. ஏறக்குறைய மூன்று மாதத்தில், மழை பெய்த காட்டு மண்ணின் மணமுள்ள கருநிற எரு கிடைக்கும்.

பொலித்தீன், கண்ணாடி, விதை முற்றிய களை ஆகியவற்றைக் குவியலில் இடலாகாது. சாணத்தை வெயிலிலும் மழையிலும் திறந்து போடுதலும் தவறு. வெயிலில் நைதரசன் காற்றோடு போகும். மழையில் சத்து கரைந்தோடும். ஒரு சிறு கொட்டிலோ கிடுகு மூடியோ போதும்.

6. மரக்கறித் தோட்டத்துக்குச் சிறப்பாக வேண்டியவை

வெங்காயம், மிளகாய், கத்தரி, தக்காளி, கோவா முதலியன பயிரிடும் செம்மண் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் மண்ணுக்கு ஓய்வில்லை. மண்ணைத் தூளாக்கும் சுழற்கலப்பையைப் பலமுறை ஓட்டுவதால், மேலே மாவும் கீழே இறுகிய தட்டும் உண்டாகின்றன. வேர் அத்தட்டைத் துளைக்கமாட்டாது மேலேயே படர்கின்றது. உழவை வேண்டிய அளவோடு நிறுத்துதல் முதலாவது கடமை.

இரண்டாவது, பயிரை மாற்றுதல். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றன் நோய் மற்றொன்றுக்கும் வரும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாத்தியில் நடுதல் வாடல் நோயை விருந்துக்கு அழைத்தலாகும். இடையே வெங்காயம், அதன்பின் பயற்றை அல்லது உழுந்து, அதன்பின் கத்தரி என்றவாறு மாற்றுக. அவரையினப் பயிரின் காயைப் பறித்த பின்னர், வேரைப் பிடுங்கி எறியாமல் மண்ணிலேயே விடுக.

மூன்றாவது, மண்ணை மூடி வைத்தல். பயிர்களுக்கு இடையே வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் வெயிலில் ஈரம் காயாது. களை முளைப்பது குறையும். இறைக்கும் தடவையும் குறையும். எரிபொருளோ மின்சாரமோ செலவிட்டு நீரிறைப்போருக்கு இது கைமேற் பலன்.

நான்காவது, யூரியாவை அளவோடும் பகுதி பகுதியாகவும் இடுதல். இது பயிரை மட்டுமன்றிக் குடிநீரையும் பற்றிய விடயமாகும். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்களின் இடையே தங்கியுள்ளது. மேலே மிகுதியாக இட்ட நைதரசன் நைத்திரேற்றாகி, பாய்ச்சிய நீரோடும் மழையோடும் கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரின் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்று வரையறுத்துள்ளது. தோட்டங்கள் செறிந்த பகுதிகளிற் பல கிணறுகள் இவ்வளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய நீரிற் கரைத்த பாலைப் பருகும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கக்கூடும். நைத்திரேற்று கொதிக்க வைப்பதாற் போகாது என்பதையும் நினைவிற் கொள்க. நாம் தோட்டத்தில் வீணாக்கும் பசளை நம் வீட்டுக் குழந்தையின் குவளைக்கு வருகின்றது. சேதனப் பொருள் நிறைந்த மண் பசளையைப் பற்றி வைத்திருக்குமாகையால், எருவிடுதல் கிணற்றையும் காக்கும் வழியாகும்.

7. இரசாயனப் பசளையை விட்டுவிடலாமா?

இவ்வினாவுக்குத் தெளிவான விடை வேண்டும். 2021 ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நம் நாட்டிற் சடுதியாகத் தடைசெய்யப்பட்டது; அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை தளர்த்தப்பட்டது. ஆயினும் அப்போதைய காலபோகத்தில் நெல் விளைவு நாடெங்கும் பெரிதும் வீழ்ந்ததையும், பின்னர்ப் பசளை விலை பன்மடங்கானதையும் கமக்காரர் எவரும் மறந்திருக்கமாட்டார்.

இதிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்றல் வேண்டும். ஒரு தொன் நெல் விளையப் பயிர் 15 முதல் 20 கிலோகிராம் வரை நைதரசனை எடுக்கின்றது. அவ்வளவையும் எருவால் மட்டுமே கொடுக்கப் பெருந்தொகையான எரு வேண்டும்; அதனை ஒரே போகத்தில் திரட்டுதல் அரிது. ஆகவே எருவைக் காட்டிப் பசளையை ஒரேயடியாக நிறுத்துதல் தகாது. இது முதற் பாடம். வெளியிலிருந்து வரும் மூடையை மட்டுமே நம்பி, மண்ணின் சொந்த வளத்தை அழியவிட்டவரே விலை ஏறியபோது முழுவதும் தவித்தனர். இது இரண்டாம் பாடம். எருவும் பசளையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எரு மண்ணைத் திருத்தும். திருந்திய மண்ணில் இட்ட பசளை வீணாகாது.

எவ்வளவு பசளை வேண்டும் என்பதை அயலவரைப் பார்த்துத் தீர்மானியாமல், மண் பரிசோதனையாற் தீர்மானிக்க. வயலில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் மேற்குப்பையை நீக்கி, ஆறங்குல ஆழத்திற்கு மண்ணெடுக்க. வரம்பு, எருக்குவியல் இருந்த இடம், மரநிழல் ஆகியவற்றில் எடுக்கலாகாது. பசளையிட்ட உடனேயும் எடுக்கலாகாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து நிழலில் உலர்த்தி, அரைக் கிலோகிராம் மட்டும் துப்புரவான பையிலிட்டு, காணியின் பெயரும் பயிரும் எழுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்க.

8. சிலர் எழுப்பும் ஐயங்கள்

"குத்தகைக் காணிக்கு நான் ஏன் எருவிட வேண்டும்?" என்று கேட்போர் பலர். இது நியாயமான கேள்வியே. பனையோலை போன்றவற்றின் பயன் மெதுவாக வருவது மெய். ஆனால் வைக்கோலிலுள்ள பொட்டாசு சில கிழமைகளிலேயே மண்ணிற் சேரும்; சீமைக்கிளுவைக் குழையின் பயன் அதே போகத்தில் வரும். ஆகவே ஒரு போகக் குத்தகைக்காரரும் இவ்விரண்டையும் தயங்காது செய்யலாம். காணிச் சொந்தக்காரரோ, மூன்று நான்கு போகத்துக்குச் சேர்த்துக் குத்தகை கொடுப்பாராயின் தம் காணி வளம் பெறுவதைக் காண்பார். ஆண்டுக்கொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் காணியை எவரும் தம் காணியாய்ப் பேணார்.

"வைக்கோல் உழவு இயந்திரத்திற் சிக்குகின்றதே" என்பது மற்றோர் ஐயம். வரியாகக் குவிந்த வைக்கோலே சிக்கும். பரவி, சிறிது ஈரமுற்று, ஓரிரு கிழமை கிடந்த வைக்கோல் முறிந்து மண்ணோடு செல்லும்.

"பயன் கிடைக்கும் என்பதற்கு என்ன உறுதி?" என்போருக்கு ஒரு யோசனை. முழு வயலிலும் தொடங்க வேண்டா. ஒரே வயலை வரம்பால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வைக்கோலும் குழையும் சேர்க்க. மறு பாதியை வழமைபோல் விடுக. இரண்டுக்கும் ஒரே விதை, ஒரே நீர், ஒரே பசளை. அறுவடையின்போது இரண்டையும் தனித்தனியே நிறுத்து, ஒரு கொப்பியில் எழுதி வைக்க. மூன்று போகம் இவ்வாறு செய்க. முதற் போகத்தில் வேறுபாடு சிறிதாகவே இருக்கலாம். மண் ஒரு நாளில் மெலியவில்லை, ஒரு நாளில் திருந்தவும் மாட்டாது. உங்கள் கைப்பட எழுதிய அக்கணக்கே எல்லாவற்றிலும் நம்பத்தக்க சாட்சியாகும்.

9. ஆண்டு முழுவதும் செய்ய வேண்டியவை

மாசி, பங்குனி: அறுவடை முடிந்தவுடன் வைக்கோலைப் பரவுக. ஈரமிருப்பின் மேலோட்டமாக உழுக அல்லது சணல் விதைக்க.

சித்திரை, வைகாசி: பூத்த சணலை மடக்கி உழுக. தோட்டப் பாத்திகளை வைக்கோலால் மூடுக.

ஆனி, ஆடி: அடுத்த காலபோகத்துக்கான கூட்டெருக் குவியலை அமைக்க. மண் மாதிரி எடுத்து அனுப்புக.

ஆவணி, புரட்டாதி: உக்கிய எருவையும் வேலிக் குழையையும் வயலில் இட்டு, விதைப்புக்குப் போதிய நாள் விட்டு உழுக.

ஐப்பசி, கார்த்திகை: மழையோடு சீமைக்கிளுவைக் கதியால் நடுக. யூரியாவைப் பகுதி பகுதியாக இடுக.

மார்கழி, தை: வரம்புகளிலும் வேலிகளிலும் வளர்ந்த பச்சைக் குழையை வெட்டிக் குவியலிற் சேர்க்க.

கமக்காரப் பெருமக்களே! நெல்லையும் மரக்கறியையும் விற்கும்போது மண்ணின் ஒரு பகுதி சந்தைக்குச் செல்வது தவிர்க்க முடியாதது. விற்கப்படாத வைக்கோலும், குழையும், சாணமும், சருகும் காணியைவிட்டுப் போகாதிருத்தல் நம் கையில் உள்ளது. இவ்வாண்டு அறுவடை முடிந்ததும் முதற் பணியாக, வயலில் வரியாகக் கிடக்கும் வைக்கோலைப் பரவி விடுங்கள். ஏனைய பணிகளை அதிலிருந்து தொடங்கலாம். ஐயமுள்ளவிடத்து, உங்கள் கமநல சேவை நிலையத்தை அல்லது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறுங்கள்.